குறுக்கு விசாரணைக்கு வராத சாட்சி

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் வட்டாரத்தில் டால்மெலிங்டன் என்று ஒரு சிற்றூர். 2015 அக்டோபரில் அந்த ஊர் அஞ்சலகத்தில், வெளிக்கிளை ஒன்றுக்காக வந்த 8,000 பவுண்டு பணப்பையைக் கணக்கில் ஏற்ற வேண்டியிருந்தது. பையின் பார்கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் தொகை வந்தது. என்டர் விசையைத் தட்டினார்கள். திரை அசையவில்லை. மறுபடி தட்டினார்கள், அதே திரை அப்படியே நின்றது. இப்படி நான்கு முறை. நின்றுபோன திரைக்குப் பின்னால் கணினி சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தட்டலையும் ஒரு புதிய வரவாக எழுதிக்கொண்டே போனது. கல்லாவில் இருந்தது 8,000 பவுண்டு, கணக்கில் ஏறியது 32,000 பவுண்டு. 24,000 பவுண்டு துண்டு விழுந்தது.

டால்மெலிங்டனில் இது சீக்கிரமே கணினிக் கோளாறு என்று கண்டுபிடிக்கப்பட்டது. யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மென்பொருளைப் பராமரித்த நிறுவனம் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, ஒரே பணப்பை ஒரு முறைக்கு மேல் கணக்கில் ஏறிய நிகழ்வுகள் ஐந்து ஆண்டுகளில் 112 என்று தெரிந்தது. 88 கிளைகளில் அது நடந்திருந்தது. பெரும்பாலானவை அந்தந்த நேரத்திலேயே கைக்கணக்காகச் சரிசெய்யப்பட்டிருந்தன. ஏன் அப்படி நடக்கிறது என்று மட்டும் ஐந்து ஆண்டுகளாக யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

அந்த மென்பொருளின் பெயர் ஹொரைசன். உருவாக்கியது ஐசிஎல் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவனம். அந்த நிறுவனம் 1998இல் முழுமையாக ஜப்பானின் ஃபுஜித்சு வசமானது. 1999 முதல் பிரிட்டன் முழுவதும் அஞ்சலகங்களில் ஹொரைசன் நிறுவப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 2015 வரையான காலத்தில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். 236 பேர் சிறைக்குப் போனார்கள். தண்டனை வரை போகாமல் பதவியையும் கடையையும் வீட்டையும் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் தன் அறிக்கையின் முதல் தொகுதியை 2025 ஜூலையில் வெளியிட்டது. குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது அது.

தொழில்நுட்ப நிறுவனங்களின் பொறுப்பு பற்றி இன்று பேசுபவர்கள் பெரும்பாலும் சமூக ஊடகத்தையும் செயற்கை நுண்ணறிவையும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் இந்தப் பழைய கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இதில் மாயம் எதுவும் இல்லை. கூட்டலும் கழித்தலும்தான். என்ன நடந்தது என்று ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு சர்வரில் பதிவாகியிருந்தது. அப்படியிருந்தும் உண்மை வெளிவர இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பதிவு யார் கையில் இருந்தது என்பதுதான் இந்த வழக்குகள் முழுவதையும் தீர்மானித்தது.

முதலில் பொறியைப் பார்ப்போம். பிரிட்டனில் சிற்றூர் அஞ்சலகங்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் இல்லை. ஒரு மளிகைக் கடையையோ பேப்பர் கடையையோ விலைக்கு வாங்கி, அதன் ஒரு மூலையில் அஞ்சல் நிறுவனத்தோடு ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகக் கவுன்டர் வைத்திருப்பவர்கள். போஸ்ட்மாஸ்டர் என்பது இவர்களைத்தான். இந்தியாவில் வேர்கொண்ட குடும்பங்களும் இவர்களில் கணிசம். கணக்கில் குறைந்தால் கைக்காசு போட்டு நேர்செய்ய வேண்டும் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி. முன்பு பேரேட்டில் எழுதினார்கள். துண்டு விழுந்தால் பக்கத்தைப் புரட்டி எந்த வரியில் தவறியது என்று அவர்களே தேடலாம். ஹொரைசன் வந்தபின் அந்தப் பேரேடு அவர்கள் கையைவிட்டுப் போனது. இறுதித் தொகை மட்டும் திரையில் தெரியும். ஏன் அந்தத் தொகை என்று ஆழமாகத் துருவும் வசதி அவர்களுக்குத் தரப்படவில்லை.

தொடக்க கால ஹொரைசனில் ஒவ்வொரு கவுன்டர் கணினியும் தன்னிடம் ஒரு முழுப் பதிவேட்டை வைத்திருந்தது. ஒரு தபால்தலை விற்றாலும், ஓய்வூதியம் பட்டுவாடா செய்தாலும், அது ஒரு செய்தியாகப் பதிவாகும். அந்தச் செய்தி அதே கிளையின் மற்ற கணினிகளுக்கும், தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவில் உள்ள தரவு மையத்துக்கும் நகலாகப் போகும். கம்பி அறுந்தாலும் கிளை இயங்கும். இணைப்பு திரும்பியதும் நகல்கள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு இது நல்ல யோசனைதான். ஆனால் ஒரே கணக்கு பல இடங்களில் இருக்கும்போது, எல்லா நகலும் எல்லா நேரமும் ஒரே உண்மையைச் சொல்கின்றனவா என்ற கேள்வி வந்துவிடுகிறது. கணினி அறிவியலில் ஐம்பது ஆண்டுகளாக மூளையைக் கசக்க வைக்கும் கேள்வி அது.

ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் காலண்டர் ஸ்குவேர் என்ற கிளையில் அந்தக் கேள்விக்குத் தவறான விடை வந்தது. ஒரு கவுன்டரிலிருந்து இன்னொரு கவுன்டருக்குப் பணத்தை மாற்றினார்கள். வாங்கிக்கொண்டதாக ஒரு கணினியில் பதிவாயிற்று. ஆனால் பதிவைத் தற்காலிகமாகப் பூட்டிவைக்கும் மென்பொருள் முறையில் ஏற்பட்ட ஒரு கோளாறால் அந்தச் செய்தி பக்கத்துக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. பக்கத்துக் கணினி அந்தப் பணம் இன்னும் வரவு வைக்கப்படாமல் நிற்பதாகவே காட்டியது. அங்கேயும் வரவு வைத்தார்கள். ஒரே பணம் இரண்டு முறை ஏறியது. 2005இல் அந்தக் கிளையில் மூவாயிரம் பவுண்டுக்கு மேல் இல்லாத பணம் இருப்பதாகக் கணக்கு சொன்னது. இந்தப் பிழை 2000ஆம் ஆண்டிலிருந்தே மென்பொருளில் இருந்தது. 2006இல்தான் திருத்தம் போட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வழக்குகள் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தன.

டால்மெலிங்டன் பிழை வேறு வகை, என் பார்வையில் இன்னும் மன்னிக்க முடியாதது. செல்பேசியில் பணம் அனுப்பும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் நம் எல்லோருக்கும் விரல் நடுங்கும். மறுபடி தட்டினால் இரண்டு முறை போய்விடுமோ என்று. நன்றாகக் கட்டிய அமைப்பில் போகாது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் கொடுத்துவிடுவார்கள். அதே எண்ணோடு அதே கட்டளை நூறு முறை வந்தாலும் முதல் முறை மட்டும்தான் கணக்கில் ஏறும். பணத்தைக் கையாளும் மென்பொருளில் இது பாலபாடம். அஞ்சலகப் பணப்பையின் பார்கோடும் அப்படி ஒரு தனி எண்தான். இந்த எண்ணுள்ள பை ஏற்கெனவே வந்துவிட்டதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியை மென்பொருளில் எழுதாமல் விட்டார்கள்.

எழுதியவர்களின் தரம் எப்படி இருந்தது என்பதற்கு ஐசிஎல் நிறுவனத்துக்குள்ளேயே 1998இல் தயாரிக்கப்பட்ட ஓர் அறிக்கை சான்று. கவுன்டர் மென்பொருளில் மலைபோல் குவிந்த பிழைகளைத் தீர்க்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு எடுத்துக்காட்டாக ஒரு சின்ன நிரல் துண்டை அறிக்கையில் சேர்த்தது. ஓர் எண்ணின் குறியை மாற்றுவதுதான் அதன் வேலை. 500 வந்தால் கழித்தல் 500, கழித்தல் 500 வந்தால் 500. முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் முடிந்தது. ஆனால் நிரல் இப்படிப் போகிறது: எண் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் குறியை நீக்கு, இல்லையென்றால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கி, வந்ததை அந்த எண்ணிலிருந்தே கழி. அதாவது 500இலிருந்து 1,000 போனால் கழித்தல் 500. விடை சரிதான். ஆனால் இதை எழுதியவருக்கு அடிப்படைக் கணிதமும் தெரியாது, நிரல் எழுதும் அரிச்சுவடியும் தெரியாது என்ற பொருளில் அறிக்கை பேசியது. கவுன்டர் கணக்குப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. நிர்வாகம் அதற்கு ஒப்பவில்லை. 2000ஆம் ஆண்டில் அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள்.

ஏன் ஒப்பவில்லை என்பதை ஊகிப்பது கடினமில்லை. இந்தத் திட்டம் முதலில் ஓய்வூதியத்தையும் உதவித்தொகையையும் அட்டை மூலம் வழங்குவதற்காக 1996இல் தொடங்கியது. தாமதம் மேல் தாமதம் வந்து, 1999 மே மாதத்தில் அரசு அட்டைத் திட்டத்தைக் கைவிட்டது. மிச்சமிருந்ததை அஞ்சலகக் கணக்கு மென்பொருளாக ஒட்டவைத்து முடித்தார்கள். போட்ட முதல் பெரியது. ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்ட இரு தரப்பும் நிறுவல் வேலையை நிறுத்தத் தயாராக இல்லை. மோசமான மென்பொருள் உலகில் எங்கும் இருக்கிறது. என் குற்றச்சாட்டு அதன் மேல் இல்லை. எந்தப் பெரிய மென்பொருளும் பிழையோடுதான் வெளியே வரும். அந்தப் பிழை இருப்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க, வெளியே நிற்பவர் மேல் வழக்குப் போட்டதுதான் குற்றம்.

அந்த வழக்குகளுக்கு வழிவிட்டது சட்டத்தில் நடந்த ஒரு மாற்றம். பிரிட்டனில் 1984ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டத்தில் 69ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கணினியிலிருந்து எடுத்த ஒரு தாளைக் குற்ற வழக்கில் சாட்சியமாக வைக்க வேண்டுமானால், அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று வைப்பவர் காட்ட வேண்டும். கணினிகள் பெருகியபின் இது வீண் தொல்லை என்ற எண்ணம் வந்தது. சட்ட ஆணையம் 1997இல் நீக்கச் சொன்னது. 1999இல் இயற்றிய சட்டத்தின் வழியே 2000 ஏப்ரலில் அந்தப் பிரிவு போனது. அதன்பின், எதிர்ச்சான்று இல்லாதவரை கணினி சரியாக இயங்கியதாகவே நீதிமன்றம் கொள்ளும். ஹொரைசன் ஊர் ஊராக நிறுவப்பட்டுக்கொண்டிருந்த அதே மாதங்கள் அவை.

எதிர்ச்சான்று இல்லாதவரை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தச் சான்று எங்கே இருந்தது என்று பாருங்கள். பிழைப் பட்டியல் ஃபுஜித்சுவின் பிராக்னெல் அலுவலகத்தில். கிளையின் முழுப் பரிமாற்றப் பதிவு ஃபுஜித்சுவின் தரவு மையத்தில். அந்தப் பதிவை எடுத்துத் தர ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இத்தனை முறை என்று வரம்பு இருந்தது. அதற்கு மேல் போனால் அஞ்சல் நிறுவனம் தனியே கட்டணம் கட்ட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரோ ஒரு சிற்றூரில் கவுன்டருக்குப் பின்னால், உதவி எண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டு இருந்தார். உதவி மையத்தில் பலருக்கும் கிடைத்த பதில், இப்படிச் சொல்வது நீங்கள் ஒருவர்தான் என்பது. ஹாம்ப்ஷயரின் சவுத் வார்ன்பரோ கிராமத்தில் கடை வைத்திருந்த ஜோ ஹாமில்டன், உதவி மையத்தினர் சொன்னபடி விசைகளைத் தட்டத் தட்ட, 2,000 பவுண்டு பற்றாக்குறை கண்ணெதிரே 4,000 பவுண்டாக ஆனதைப் பார்த்தார். கடைசியில் 36,000 பவுண்டு கட்டச் சொன்னார்கள். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிட வேண்டுமானால் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிலை. ஒப்புக்கொண்டார். பணம் கட்ட ஊர்மக்கள் உதவினார்கள்.

பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்ததும் அஞ்சல் நிறுவனமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு நிறுவனம் தானே குற்ற வழக்கு நடத்த முடியும். பணம் காணோம் என்று புகார் சொன்னவர், துப்பறிந்தவர், குற்றம் சாட்டியவர், ஆவணத்தைத் தன் வசம் வைத்திருந்தவர் எல்லாம் ஒருவரே. 2000 முதல் 2014 வரை சராசரியாக வாரத்துக்கு ஒருவர் மேல் வழக்குப் போட்டார்கள். ஒரு கணினி வந்தவுடன் நாட்டின் போஸ்ட்மாஸ்டர்கள் திடீரென்று இத்தனை பேர் திருடர்களாக மாறியது எப்படி என்று அந்த நிறுவனத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு புள்ளியியல் தவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் இன்றைய நிறுவனங்களும் இதையே சொல்கின்றன. அஞ்சல் நிறுவனத்தின் வாதம் சுருக்கமாக இது: எங்கள் அமைப்பு கோடிக்கணக்கான பரிமாற்றங்களைச் சரியாகச் செய்கிறது, பிழை வருவது அபூர்வத்திலும் அபூர்வம், ஆகவே இந்தக் கிளையில் துண்டு விழுந்ததற்குப் பிழை காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 கிளைகள், மாதம் ஒரு கணக்கு முடிப்பு என்றால் ஆண்டுக்கு 1,20,000 கணக்குகள். அவற்றில் ஆயிரத்தில் ஒன்றுதான் பிழையால் கெடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 99.9 சதவீதம் சரி. எந்த விளம்பரத்திலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்கு 120 கிளைகளில் கணக்கு உதைக்கும். பதினைந்து ஆண்டுகளில் 1,800. நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் 10,000 கிளைகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் இல்லை. கணக்கு உதைத்த காரணத்தாலேயே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அவர்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, பிழை எவ்வளவு அபூர்வம் என்பது இல்லை. உதைத்த கணக்குகளில் எத்தனை திருட்டால், எத்தனை பிழையால் என்பதே. திருட்டும் அபூர்வம்தானே? இரண்டு அபூர்வங்களை ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துவைத்து நீதிபதிகளையும் ஜூரிகளையும் நம்ப வைத்தார்கள்.

சரே மாவட்டத்தின் வெஸ்ட் பைஃப்ளீட் கிளையை நடத்திய சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டு திருடியதாக 2010இல் கில்ட்ஃபோர்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் பக்கத்து நிபுணர் ஹொரைசனின் நம்பகத்தன்மையைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஃபுஜித்சுவின் மூத்த பொறியாளர் வந்து சாட்சி சொன்னார். ஏறக்குறைய அதே வாரங்களில் ஃபுஜித்சுவும் அஞ்சல் நிறுவனமும் வேறொரு அறையில் கூடிப் புதியதொரு பிழையை விவாதித்துக்கொண்டிருந்தன. வரவும் செலவும் பொருந்தாமல் போகும் அந்தப் பிழை 60க்கும் மேற்பட்ட கிளைகளைத் தொட்டிருந்தது. இது வெளியே தெரிந்தால் கிளைகளுக்கு ஹொரைசன் மேல் நம்பிக்கை போகும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கக்கூடும் என்று கூட்டக் குறிப்பு எச்சரித்தது. அந்தக் குறிப்பு சீமா மிஸ்ராவின் வழக்கறிஞர் கைக்குப் போகவில்லை. 2010 நவம்பரில் அவருக்கு 15 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் கர்ப்பிணி. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2021 ஏப்ரலில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரையும் சேர்த்து 39 பேரின் தண்டனையை ரத்துசெய்தது.

2013இலேயே அஞ்சல் நிறுவனத்தின் சொந்த வழக்கறிஞர் ஒருவர், நீதிமன்றங்களில் சாட்சி சொன்ன அந்தப் பொறியாளர் தனக்குத் தெரிந்த பிழைகளை வெளியிடவில்லை என்று எழுத்தில் ஆலோசனை கொடுத்திருந்தார். அந்தத் தாள் தண்டிக்கப்பட்டவர்கள் கண்ணில் பட 2020 ஆயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. ஏழு ஆண்டுகள்! அதற்குள் சிலர் இறந்தே போனார்கள்.

இன்னொரு மறுப்பும் இதில் உண்டு. கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று அஞ்சல் நிறுவனம் பல ஆண்டுகள் சாதித்தது. தொட முடியாது என்றால் கணக்கில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் போஸ்ட்மாஸ்டர்தானே பொறுப்பு? ஃபுஜித்சுவின் பிராக்னெல் அலுவலகத்தில் 2001 முதல் 2004 வரை வேலை பார்த்த ரிச்சர்டு ரோல் 2015இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் பேசினார். தானும் தன்னோடு இருந்தவர்களும் கிளைகளின் பதிவுகளுக்குள் தொலைவிலிருந்தே புகுந்து திருத்தங்கள் செய்ததாகச் சொன்னார். பிழை வந்தால் அதைச் சரிசெய்ய யாராவது உள்ளே போகத்தான் வேண்டும். எந்த அமைப்பிலும் அப்படித்தான். சில சமயம் அவர்கள் நுழைத்த பதிவுகள் கிளையிலேயே செய்த பதிவுபோல் காட்சியளித்தன என்பதுதான் வழக்குக்கு முக்கியம். போஸ்ட்மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் பெயரில் ஒரு வரி ஏறியிருக்கலாம். ஏறவில்லை என்று நிரூபிக்க அவருக்கு வழி இல்லை.

இந்தச் சுவரை உடைத்தவர்கள் போஸ்ட்மாஸ்டர்களேதான். வேல்ஸின் லாண்டுட்னோ நகரில் கிளையை இழந்த ஆலன் பேட்ஸ், தன்னைப்போல் வேறு யாரும் இருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினார். கம்ப்யூட்டர் வீக்லி இதழ் 2009இல் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்தின் பொதுக்கூடத்தில் அவர்கள் ஒன்றுகூடினார்கள். நீங்கள் ஒருவர்தான் என்று ஆளுக்கு ஆள் சொல்லப்பட்டவர்கள், ஒருவரை ஒருவர் அங்கே கண்டார்கள். பின்னர் 555 பேராகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி பீட்டர் ஃப்ரேசர் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, ஹொரைசனால் கிளைக் கணக்கில் துண்டு விழ முடியும், விழுந்தது என்று தீர்ப்பளித்தார். சமரசமாகக் கிடைத்த 5 கோடியே 77 லட்சம் பவுண்டில் மிகப் பெரும் பங்கு வழக்குச் செலவுக்கும் வழக்குக்கு முதல் போட்டவர்களுக்கும் போய்விட்டது. ஆளுக்குச் சராசரியாக 20,000 பவுண்டு அளவில்தான் மிஞ்சியது. 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சித் தொடர் நாட்டையே உலுக்கிய பிறகு, அந்த ஆண்டு மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்தது.

ஃபுஜித்சு என்ன செய்தது? 2024 ஜனவரியில் அதன் ஐரோப்பியத் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் வந்து மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டில் பங்களிக்கத் தங்களுக்குத் தார்மீகக் கடமை உண்டு என்றார். பிழைகள் தொடக்கம் முதலே தெரிந்தவைதான் என்பதையும் ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்டார். ஆனால் 2025 நடுப்பகுதிவரை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த 100 கோடி பவுண்டுக்கும் மேலான இழப்பீடு பிரிட்டிஷ் அரசின் கஜானாவிலிருந்து, அதாவது வரி கட்டுபவர் பையிலிருந்து வந்தது. தார்மீகக் கடமை என்பது தொகையும் தேதியும் இல்லாத கடமை. சட்டக் கடமை இருந்திருந்தால் இரண்டும் இருந்திருக்கும்.

இப்போது இன்றைய கணினியியல் போகும் திசைக்கு வருகிறேன். ஹொரைசனில் ஒரு வசதி இருந்தது: அதே உள்ளீட்டை அதே நிலைமையில் கொடுத்தால் பெரும்பாலும் அதே தவறு வரும். பொறியாளர் ஒருவர் உட்கார்ந்து மறுபடி நடத்திப் பார்த்து, இதோ இந்த வரியில் என்று விரல் வைக்கலாம். இன்று வங்கிக் கடன் விண்ணப்பம், வேலை விண்ணப்பம், காப்பீட்டுக் கோரிக்கை, நலத்திட்டத் தகுதி ஆகியவற்றை வடிகட்ட வைக்கப்படும் கற்றல் அமைப்புகளில் அப்படி ஒரு வரி இல்லை. கோடிக்கணக்கான எண்கள் சேர்ந்து ஒரு மதிப்பெண் போடுகின்றன. உரை உருவாக்கும் மாதிரிகளில் ஒரே கேள்விக்கு இரண்டு முறை இரண்டு பதில் வரலாம். மாதிரி அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. மார்ச் மாதம் உங்களை நிராகரித்தது ஜூன் மாதம் இருக்காது. அது ஓடுவது அதை வாங்கிய அலுவலகத்திலும் இல்லை, இன்னொரு நிறுவனத்தின் சர்வரில். அந்த நிறுவனமும் மூன்றாவது ஒன்றின் மாதிரியை வாடகைக்கு எடுத்திருக்கக்கூடும். பிராக்னெலில் ஓர் அறையில் இருந்த பதிவு இப்போது மூன்று நிறுவனங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கிறது. சில சமயம் சேமிக்கப்படுவதே இல்லை.

இது வெறும் அச்சம் இல்லை. நெதர்லாந்தில் குழந்தை பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். யாரைச் சந்தேகிப்பது என்று பொறுக்குவதில் ஓர் இடர் மதிப்பீட்டு மென்பொருளுக்கும் பங்கு இருந்தது. 2021 ஜனவரியில் அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் ஆண்டு வருமானத்தைச் சராசரி போட்டு, உதவித்தொகை பெற்றவர்கள் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கணினி தானாகவே கடிதம் அனுப்பியது. கட்ட வேண்டியதில்லை என்று நிரூபிக்கும் சுமை கடிதம் வாங்கியவர் தலையில். 2023இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. நாடு வேறு, மென்பொருள் வேறு. சுமை போய் இறங்கிய இடம் ஒன்றே.

இந்தியச் சட்டத்துக்கும் இந்தக் கதைக்கும் ஓர் உறவு உண்டு. பிரிட்டன் 69ஆம் பிரிவைத் தூக்கிப் போட்ட அதே 2000ஆம் ஆண்டில், அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் மூலம் நம் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு நுழைந்தது. 1968ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஒன்றைப் பார்த்து எழுதிய பிரிவு அது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். கணினி அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்கியது என்று அதில் சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு அதையே தொடர்கிறது. கோப்பு இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்ணையும் நிபுணரின் கையெழுத்தையும் கூடுதலாகக் கேட்கிறது. பிரிட்டனைவிட நம் நிலை மேல் என்று சொல்லத் தோன்றும். பாதிதான் உண்மை. கோப்பு மாறவில்லை என்பது ஒன்று, கோப்பில் இருப்பது சரி என்பது வேறு. ஹொரைசனின் பதிவுகளும் முத்திரை வைத்துப் பத்திரமாகத்தான் இருந்தன. டால்மெலிங்டனில் கணினி ஒழுங்காக இயங்கியது. மின்சாரம் இருந்தது, திரை எரிந்தது, நான்கு வரிகளும் பிசகில்லாமல் சேமிக்கப்பட்டன. அந்த நான்கு வரிகளுக்கும் எந்த நிபுணரும் கூசாமல் சான்றிதழ் கொடுத்திருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது சான்றிதழை இல்லை, பிழைப் பட்டியலை. ஒருவர் மேல் மென்பொருளின் சொல்லை வைத்துக் குற்றமோ கடனோ சுமத்துகிற நிறுவனம், அந்த மென்பொருளில் அதுவரை தெரிந்த பிழைகள், அந்தக் கணக்கைத் தொட்ட எல்லாருடைய பெயர், அந்த நேரத்தில் ஓடிய பதிப்பு ஆகியவற்றைக் கேட்காமலேயே எதிர்த்தரப்பிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் அந்தச் சொல் சாட்சியம் ஆகக் கூடாது. கைப்பேசியின் அழைப்பு நேரத்தையும், குடிபோதை சோதிக்கும் கருவியின் அளவையும் ஒவ்வொரு முறையும் நிரூபித்துக்கொண்டிருந்தால் நீதிமன்றம் நடக்காது என்பார்கள். உண்மைதான். பலராலும் சோதிக்கப்பட்டு, அளவீடு செய்யப்பட்ட கருவி ஒன்று. வழக்குப் போடுபவருக்கே சொந்தமான, அவர் மட்டுமே திறந்து பார்க்கக்கூடிய கணக்கு மென்பொருள் இன்னொன்று. இரண்டையும் பிரித்து எழுத ஒரு சட்டத்தால் முடியும். பிரிட்டிஷ் அரசு 2025 ஜனவரியில் இதே கேள்வியை முன்வைத்துக் கருத்துக் கேட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறது. 2024இல் நிறைவேறிய அதன் புதிய பொருள் பொறுப்பு ஆணை, மென்பொருளையும் செயற்கை நுண்ணறிவு அமைப்பையும் ஒரு தொழிற்சாலைப் பொருளுக்கு நிகராக வைக்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9க்குள் இதைத் தம் சட்டமாக்க வேண்டும். நீதிமன்றம் கேட்கும் ஆவணத்தைத் தயாரிப்பாளர் தர மறுத்தால், பொருளில் குறை இருந்ததாகவே கொள்ளப்படும். ஹொரைசன் வழக்குகளில் இல்லாமல் போனது துல்லியமாக இதுதான். ஆனால் அந்த ஆணை ஈடு தருவது உயிரிழப்புக்கும், உடல் மனநலக் கேட்டுக்கும், சொத்துச் சேதத்துக்கும், தரவு அழிவுக்கும். கணினி தவறாகப் போட்ட கணக்கை நம்பி ஒருவர் கைக்காசாகக் கட்டிய 36,000 பவுண்டு போன்ற வெறும் பண இழப்பு அதன் பட்டியலில் இல்லை.